விட்டு விட்டு

"யாருக்குண்ணே ஃபிட்ஸ்?"

புனேயின் ஹிஞ்சேவாடி இரண்டாம் ஃபேஸில் ஒரு கண்ணாடிக் கட்டடம், வெள்ளிக்கிழமைச் சாயங்காலக் கூட்டம். திரையில் ஓடிய வார அறிக்கையில், ஒரு வேலை 'ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்' ஆக நடக்கிறது என்று எழுதியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விருதுநகர்த் தம்பி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவன், குனிந்து காதோரம் கேட்ட கேள்வி அது. முகத்தில் நிஜமான கவலை. ஊரில் ஃபிட்ஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான்: வலிப்பு. யாராவது தெருவில் விழுந்தால், கையில் சாவிக்கொத்தைத் திணிக்க நாலு பேர் ஓடுவார்கள். இரும்பால் வலிப்பு நிற்காது. பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும், பெயர் மட்டும் சாவிக்குப் போய்விடும்.

கேட்டதும் சிரித்துவிட்டேன். அது ஒரு மரபுத்தொடர் தம்பி, விட்டு விட்டு நடக்கிறது என்று அர்த்தம் என்று சொல்லி வைத்தேன். அறைக்குப் போனபிறகு அந்தத் தொடரின் கதையைத் தோண்டிப் பார்த்தால், சிரிப்பு என் பக்கம் திரும்பிவிட்டது. தம்பி கேட்டதுதான் சரி. அந்தத் தொடருக்குள் இருப்பது வலிப்பேதான்.

'ஃபிட்' பழைய ஆங்கிலச் சொல். அந்தக் காலத்தில் அதற்குச் சண்டை, போராட்டம் என்று பொருள். பிறகு, மனிதன் பட்டுத் தீர்க்க வேண்டிய துன்பம் என்று ஆயிற்று. 1540-களில் நோயின் திடீர்த் தாக்குதலைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. காய்ச்சல் தூக்கிப்போடுவது, இருமல் குத்திக்கொண்டு வருவது, கோபம் தலைக்கேறுவது எல்லாம் ஃபிட். 1580-களில் 'பை ஃபிட்ஸ்' என்று மட்டும் சொன்னார்கள்: நோய் வருவதுபோல, வந்து வந்து போவது. 1610-களில்தான் 'ஸ்டார்ட்ஸ்' வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த ஸ்டார்ட்டில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறோம். ஸ்டார்ட் என்றால் தொடக்கம், ஆகவே ஃபிட் என்றால் ஏதோ நிற்பதாக இருக்கும், நிற்பதும் கிளம்புவதும் சேர்ந்து மரபுத்தொடர் ஆகியிருக்கும் என்று நானே பல வருஷம் நினைத்திருந்தேன். ஆனால் ஸ்டார்ட்டின் முதல் பொருள் துள்ளல், திடுக்கிடல். திடுக்கிட வைப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஸ்டார்ட்டில்' அதன் உடன்பிறப்பு. தொடங்குதல் என்ற சாதுவான பொருள் அதற்குப் பிற்காலத்தில் வாய்த்தது. ஆகத் தொடருக்குள் நிற்பது என்ற பேச்சே கிடையாது. ஒரு வெட்டு, ஒரு துள்ளல். இரண்டும் உடம்பு தூக்கிப்போடும் கணங்கள்தான். நடுவில் உடம்பு அடங்கிக் கிடந்த நேரத்தை அந்தத் தொடர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இன்னொரு 'ஃபிட்'டும் உண்டு. பழைய ஆங்கிலப் பாட்டுக் கதைகளின் பகுதிக்கு, நம் காதை, படலம் மாதிரி, அதே பெயர். இரண்டும் ஒரே வேரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. லூயிஸ் கரோல் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1876-ல் வெளியிட்ட 'தி ஹண்டிங் ஆஃப் தி ஸ்னார்க்' என்ற வேடிக்கைக் கதைப்பாட்டுக்கு 'எட்டு ஃபிட்டுகளில் ஒரு வேதனை' என்று துணைத்தலைப்பு வைத்தார். எட்டுப் படலம் என்றும் படிக்கலாம், எட்டு வலிப்பு என்றும் படிக்கலாம். இதைத் தமிழில் கொண்டுவர முடியாது என்று உதட்டைப் பிதுக்கியபோது 'துணுக்கு' ஞாபகம் வந்தது. பத்திரிகையில் பக்கம் நிரப்பும் சின்னச் செய்தியும் துணுக்கு, நெஞ்சு திக்கென்று ஆவதும் துணுக்குறுதல். வேரில் உறவு இருக்கிறதா என்பது வேறு. எட்டுத் துணுக்குகளில் ஒரு வேதனை என்று போட்டால் கரோல் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விட்டு விட்டு என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதிகம் புழங்குவது 'ஆஃப் அண்ட் ஆன்'. மென்பொருள் ஆள்கள் நிறைந்த ஊரில் இதற்கு விளக்கம் கேட்டால், ஸ்விட்சைக் காட்டுவார்கள். ஒன்றும் சுழியமும் என்பார்கள். ஆனால் அந்தத் தொடர் 1530-களிலேயே இருக்கிறது. சுவரில் ஸ்விட்ச் வர இன்னும் முந்நூற்றைம்பது ஆண்டு இருந்தது. கப்பல்காரர்களிடமும் அது புழங்கியது. காற்றோ வெளிச்சமோ சரியில்லாமல் துறைக்குள் நுழைய முடியாத கப்பல், கரையை நோக்கிக் கொஞ்சம் ஓடும், திரும்பிக் கடலை நோக்கிக் கொஞ்சம் ஓடும். கரைக்கு வந்தால் ஆன், விலகினால் ஆஃப். கப்பல் எந்நேரமும் ஓடிக்கொண்டேதான் இருந்தது, போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். வாக்கட் பாலத்திலிருந்து சிவாஜி சௌக் வரை காலை ஒன்பதரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தவர்களுக்கு இந்தப் பொருள் சட்டென்று விளங்கும்.

மூன்றாவது சொல் 'இன்டர்மிட்டன்ட்'. வானிலை அறிக்கை, மருத்துவச் சீட்டு, பழுதுப் பட்டியல் எல்லாவற்றிலும் அதைப் பார்க்கலாம். லத்தீனிலிருந்து வந்தது. 'இன்டர்' என்றால் நடுவே. 'மித்தெரெ' என்றால் விடுதல். அனுப்புதல் என்றும் பொருள். மிஷன், மிஸைல் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. இதைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. நம் 'விடு' அச்சாக அதே இரண்டு வேலையைத்தானே செய்கிறது? பிடித்ததை விடுகிறோம். அம்பு விடுகிறோம், தூது விடுகிறோம், ஆள் விட்டுப் பார்க்கிறோம். தமிழையே தூதாக அனுப்பிய ஒரு நூலுக்குத் தமிழ் விடு தூது என்றே பெயர். லத்தீன்காரன் மிஸைலையும் மிஷனையும் பெற்ற வினையில், தமிழன் அம்பையும் தூதையும் விட்டிருக்கிறான். நடுவே விட்டுவிடுவதை இருவரும் அதே வினையால்தான் சொன்னார்கள். ஒரு சொல் இன்னொன்றிலிருந்து வந்தது என்று கிளம்பிவிடக் கூடாது. இரண்டு ஊரிலும் கை ஒரே மாதிரித் திறந்து மூடுகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

தமிழில் மழை எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? "மழை பிடிச்சுக்கிச்சு" என்கிறோம். "மழை விட்டுருச்சு" என்கிறோம். காய்ச்சல் விடுகிறது. பேய் பிடிக்கிறது, விடுகிறது. சனி பிடிக்கிறது, ஏழரை வருஷம் கழித்து விடுகிறது. வெளியிலிருந்து நம்மேல் வந்து இறங்குகிற எதுவும் தமிழில் ஒரு கை. அது இறுக்குகிறது, பிறகு தளர்கிறது. கிரேக்கர்களும் வலிப்பை இப்படித்தான் பார்த்தார்கள். 'எபிலெப்ஸி' என்ற பெயருக்கு வேர், பிடித்துக்கொள்ளுதல். ஆங்கில மருத்துவர் இன்றும் 'சீஷர்' என்கிறார். அதுவும் பிடிதான்.

ஆக, ஒரே கயிற்றுக்கு இரண்டு நுனி. வந்து வந்து போகிற ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கிலத்தின் ஃபிட்ஸ் அது பிடிக்கிற கணத்தை எடுத்துக்கொண்டது. தமிழ் அது விடுகிற கணத்தை எடுத்துக்கொண்டது. 'விட்டு விட்டுப் பெய்தது' என்பதில், பெய்தது ஒரு முறைதான் வருகிறது, விட்டது இரண்டு முறை வருகிறது. விட்ட நேரத்தைத்தான் எண்ணுகிறோம்.

இலக்கணப்படி இது அடுக்குத்தொடர். பிரித்தாலும் பொருள் தரும் என்பதால் சலசல, படபட போன்ற இரட்டைக்கிளவியோடு சேராது. பொருள் குறித்து ஒரு சொல் அடுக்கி வருவதை விளக்கும் உரைகாரர்கள் விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் என்று பட்டியல் தருவார்கள். பாம்பு பாம்பு, தீ தீ எல்லாம் அதில் அடங்கும். 'விட்டு விட்டு' அந்தப் பட்டியலில் எங்கே உட்காரும்? அதில் அவசரமுமில்லை, பயமுமில்லை. இருப்பதிலேயே நிதானமான அடுக்கு அது.

இடைவெளியை எண்ணும் பழக்கம் நமக்கு மழையோடு நிற்கவில்லை. அப்பாவின் சித்தப்பா மகன் நமக்கு 'ஒன்றுவிட்ட' சித்தப்பா. நடுவில் விட்டுப்போன ஒன்றை உறவின் பெயராகவே ஆக்கிவிட்டோம். குழாயில் தண்ணீர் 'ஒருநாள் விட்டு ஒருநாள்' வரும். ரோமானியர் இதை வேறு மாதிரி எண்ணினார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கிப்போடும் மலேரியாவுக்கு அவர்கள் வைத்த பெயருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் என்று பொருள். வந்த நாளையும் எண்ணிக்கையில் சேர்ப்பார்கள்: திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. எழுபத்திரண்டு மணி நேரக் காய்ச்சல் அதே கணக்கில் நான்காம் நாள் காய்ச்சல். நம் வீட்டில் கேட்டால், ஒன்று நாள் விட்டு நாள் வருவது, மற்றது இரண்டு நாள் விட்டு வருவது. அவர்கள் காய்ச்சலிலிருந்து காய்ச்சலுக்கு எண்ணினார்கள். நாம் காய்ச்சல் இல்லாத நாளை எண்ணினோம்.

நம் வைத்தியர்கள் அதற்கு இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள்: முறைக்காய்ச்சல். இந்தப் பெயரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விட்டு விட்டு என்பது ஒழுங்கில்லாததுபோல ஒலிக்கிறது. முறை என்பதோ, ஒழுங்கு இருக்கிறது, அதன் தவணை வரும்போது வரும் என்கிறது. 1886-ல் இத்தாலியில் கமில்லோ கோல்ஜி கண்டுபிடித்தது ஒருவகையில் இந்த முறையைத்தான். ஒட்டுண்ணிகள் ரத்தச் சிவப்பணுவுக்குள் இருந்து பெருகுகின்றன. ஒரு தலைமுறை ஒன்றாக முற்றி, அணுக்களை ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்போதுதான் உடம்பு தூக்கிப்போடுகிறது. அடுத்த தலைமுறை முற்றும்வரை காய்ச்சல் விட்டிருக்கிறது. விட்ட நாளில் நோய் போய்விடவில்லை, உள்ளே வேலை நடக்கிறது. அந்த ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் பார்த்தது 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில்.

தண்ணீரிலும் இதே முறை உண்டு. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஒரு போகத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு மற்றது என்று திறக்கிறார்கள். முறை வராத மதகுக்காரர் தன் வயல் காய்வதைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து வயலில் நடவு நடப்பதையும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். முறையையும் விடுதலையும் ஒரே சொல்லில் கோத்தது விடுமுறை. அந்தச் சொல்லை ஆக்கியவர் யாராக இருந்தாலும் ஒரு கும்பிடு.

மற்ற சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'அவ்வப்போது' எப்போதெல்லாம் என்று கேட்டால் பதில் சொல்லாமல் தோளைக் குலுக்கும் சொல். 'இடையிடையே' நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு பெரிய வேலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதன் நடுவில்தான் நுழைய முடியும். மொழிபெயர்ப்புகளில் இந்த ஆங்கிலத் தொடர்களுக்கெல்லாம் 'அத்தி பூத்தாற்போல' என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. அத்திப் பூ காய் போன்ற உருண்டைக்குள்ளேயே மலர்ந்து முடிவதால் கண்ணுக்கு அகப்படுவதில்லை. அது அருமைக்கு உவமை. வந்து வந்து போவதற்குச் சொன்னால் பொருந்தாது.

ஹிஞ்சேவாடியில் இதைச் சொல்ல இன்னும் இரண்டு மொழி இருக்கிறது. மழை எப்படி என்று ஆட்டோக்காரரைக் கேட்டால் இந்தியில் "ருக் ருக் கே" என்பார். நின்று நின்று. அதிலும் நிற்பதுதான் இரண்டு முறை. டீ விற்கும் டப்ரியில் மராத்தியில் கேட்டால் "அதூன்மதூன்". மதூன் என்றால் நடுவிலிருந்து. அதூன் என்று தனியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, துணைக்கு வந்து ஒட்டிக்கொண்ட சொல் மாதிரி இருக்கிறது. நம் இடையிடையேவுக்கு இதைவிட நெருங்கிய பங்காளி கிடைக்காது. கட்டிங் சாய் ஆறுவதற்குள் மூன்று மொழியிலும் மழை நின்றுவிடுகிறது.

ஊரின் பெயரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மராத்திப் பலகையில் அது ஹிஞ்ஜவடி. ஆங்கில எழுத்து வழியாக நம்மிடம் வந்து ஹிஞ்சேவாடி ஆகிவிட்டது. வாடி என்றதும் தமிழ்க்காதுக்கு விறகுவாடி, மரவாடி கேட்கும். இலங்கைக் கடற்கரையில் பருவத்துக்குப் பருவம் வந்து தங்கி மீன்பிடித்துவிட்டுப் போகிறவர்களின் கொட்டகைக்கும் வாடி என்றுதான் பெயர். இங்கே இரண்டு வருஷ வாடகை ஒப்பந்தத்தில் வந்து தங்கி, வேலை மாறியதும் மெத்தையையும் குக்கரையும் விற்றுவிட்டுக் கிளம்புகிற எங்களுக்கு அந்தப் பொருள்தான் பொருந்துகிறது. இது மொழியியல் அல்ல, ஆற்றாமை.

ஆனால் இந்த ஊரில் யாரும் ஊர்ப் பெயரை முகவரியாகச் சொல்வதில்லை. "ஃபேஸ் ஒன்னா, டூவா, த்ரீயா?" என்பதுதான் கேள்வி. மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவைப் பகுதி பகுதியாக எழுப்பியபோது காகிதத்தில் இருந்த ஃபேஸ், அப்படியே தெருவின் பெயராக நின்றுவிட்டது. அந்தச் சொல்லின் கிரேக்க மூலத்துக்குத் தோற்றம் என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோது அது நிலவுக்கு உரியதாக இருந்தது: வளர்பிறை, தேய்பிறை. பிறகு மின்சாரத்துக்குப் போயிற்று. நம் கிராமத்தில் த்ரீ ஃபேஸுக்கு மும்முனை என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். மும்முனை எப்போது வரும் என்று காத்திருந்து மோட்டார் போடுகிறவருக்கு, வந்து வந்து போவது என்றால் என்னவென்று எந்த அகராதியும் சொல்லித்தர வேண்டாம்.

இந்த ஃபேஸ்களின் தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. மாணிலிருந்து ஹிஞ்சேவாடி வழியாகச் சிவாஜிநகர்வரை 23.3 கிலோமீட்டர், 23 நிலையம். அடிக்கல் நாட்டியது 2018 டிசம்பர் 18-ல். வேலையைக் கையில் எடுத்தது 2021-ல். 2025 மார்ச்சில் முடிப்பதாகச் சொன்ன கெடு வந்தது, போனது. அந்தத் தூண்களின் கீழே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸுக்கும் விட்டு விட்டுக்கும் உள்ள வேறுபாடு உடம்பில் உறைத்தது. பஸ் முன்னால் ஒரு துள்ளுத் துள்ளி நிற்கிறது, மறுபடி துள்ளுகிறது. இது ஆங்கிலம். தூண்மேல் வேலை நடந்தது, விட்டது, பிறகு நடந்தது. அது தமிழ்.

அந்தத் தடம் போய் முடிகிற சிவாஜிநகரில் ஒரு பெயர் இருக்கிறது: சிம்லா ஆபீஸ். புனேயில் எதற்குச் சிம்லா? இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1905-ல் கல்கத்தாவிலிருந்து சிம்லாவுக்குப் போனது, 1928-ல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது, 1944-ல் டெல்லிக்குக் கிளம்பிவிட்டது. விட்டுப்போன ஊரின் பெயர் மட்டும் கட்டடத்தில் தங்கிவிட்டது. வானிலைக்காரர்கள் பருவமழை ஓய்ந்திருக்கும் நாள்களை 'பிரேக்' என்கிறார்கள். ஃபிட்ஸ் என்று சொன்ன அதே மொழி, இங்கே விட்டதற்குப் பெயர் வைத்திருக்கிறது. என் வாதத்தில் இது ஒரு ஓட்டை. அடைக்கப் போவதில்லை.

பிரேக்கில் ஒரு விசேஷம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் காற்றழுத்தத் தாழ்வுப் பட்டை வடக்கே இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டால், நாட்டின் நடுப்பகுதியில் மழை ஓய்கிறது. அதே நாள்களில் இமயத்தின் அடிவாரத்திலும், நாட்டின் தென்கிழக்கு மூலையான தமிழ்நாட்டிலும் மழை கூடுகிறது.

போன ஆகஸ்டில் அப்படி ஒரு சாயங்காலம். ஐந்து நாள் கழித்து வெயில் எட்டிப் பார்த்திருந்தது. ஜன்னல் கம்பியில் சட்டைகளை உலர்த்திவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போன் போட்டேன்.

"இங்க விட்டுருச்சும்மா."

"இங்க இப்பத்தான் பிடிச்சிருக்கு. மாடியில வத்தல் கெடக்கு, போனை வையி."